மாப்பிள்ளை தொடாத மீன்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வகுப்பில் வரும், வீட்டில் வரும், காளவாசல் சிக்னலில் குறுக்கே வண்டியை விடுகிறவனைப் பார்த்தால் வரும். வந்த வேகத்தில் போயும்விடும். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த கோபம் மட்டும் இன்னும் போகவில்லை. போக வேண்டாம் என்றுதான் இதை எழுதி வைக்கிறேன்.

என் தங்கை தலைப்பிரசவத்துக்கு மதுரையில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். எங்களுக்கு அம்மா இல்லை. பிரசவம் பார்த்து அனுப்புகிற பொறுப்பு அக்கா தலையில். பெண் குழந்தை பிறந்தது. பிறக்கும்போதே எடை குறைவு. பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய் எடை போட்டோம், முள் பெரிதாக நகரவில்லை. பால் பற்றவில்லை, தாய்க்கு நன்றாகச் சாப்பிடக் கொடுங்கள் என்றார் டாக்டரம்மா. பிள்ளை குடிக்கும், அழும், மறுபடி குடிக்கும், மறுபடி அழும். கூடவே தங்கையும் அழுவாள். இரண்டு பேரையும் பார்த்து எனக்கு எரிச்சல் வரும், எரிச்சல் பட்டதற்காக அப்புறம் எனக்கே அழுகை வரும்.

தாய்க்குப் பால் ஊறவில்லை என்றால் நம் பக்கத்தில் யாரும் இரண்டு தடவை யோசிப்பதில்லை. பால் சுறா. மாடிவீட்டில் சொன்னார்கள், கல்லூரியில் சொன்னார்கள், பூசைக்குப் போனால் கோயில் வாசலில் வைத்துச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு சௌராஷ்டிரா அம்மா மீன் வாடை வந்தாலே ஜன்னலைச் சாத்துகிறவர். அவரே கதவிடுக்கில் நின்று, "சுறா குடுத்தா நல்லா ஊறுமாமே?" என்றார். அப்படியாகத் தினம் சுறாப் புட்டு ஆனது. மஞ்சள் தண்ணீரில் மீனை அவித்து, தோலில் இருக்கும் மணலைத் தேய்த்து எடுத்து, சதையை உதிர்த்துப் பிழிந்து, சின்ன வெங்காயமும் பூண்டும் கைகொள்ளாமல் போட்டு வதக்குவேன். தங்கை அதைச் சோற்றோடு பிசையக்கூடப் பொறுக்க மாட்டாள், அப்படியே அள்ளித் தின்பாள்.

அவளுக்கு அப்படி ஒரு மீன் ஆசை. மசக்கையில் அவள் கேட்டதெல்லாம் மீன்தான். இத்தனைக்கும் அவள் குடியிருந்தது கிழக்கே ஒரு கடற்கரை ஊரில். அவள் வீட்டுக்காரருக்கு அங்கே ஒரு பெரிய ரசாயனத் தொழிற்சாலையில் வேலை, கழிவுநீரைச் சுத்தம் செய்து கடலுக்கு விடுகிற பிரிவில். குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும். ஆனாலும் அந்த வீட்டுக்குள் மீன் வந்ததில்லை. மாப்பிள்ளைக்கு மீன் வாடை ஆகாதாம், கோழிதானாம். "கடலப் பாத்துக்கிட்டே கோழி திங்கிறேன்க்கா, என் தலையெழுத்து," என்று போனில் சிரிப்பாள். பாவம், மனுசனுக்கு மூக்கு அப்படி என்று நானும் சிரித்திருக்கிறேன்.

நான் ஒரு மிஷன் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். பால் சுறா முட்டை போடாது, குட்டி போடும். வயிற்றுக்குள் ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு கொடி உண்டு, நமக்கு இருப்பது போலவே. தாயின் உடம்பில் இருப்பது கொடி வழியாகக் குட்டிக்குப் போகும். வருஷா வருஷம் போர்டில் படம் போட்டு இதை நடத்தியிருக்கிறேன். நடத்திவிட்டு வீட்டுக்கு வந்து தங்கைக்குச் சுறாப் புட்டும் ஆக்கிப் போட்டேன். படித்தது ஒரு பக்கம், அடுப்பு ஒரு பக்கம். ஒன்றைக் கொண்டுபோய் இன்னொன்றில் வைத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. படித்த முட்டாள் என்று என்னைத்தான் சொல்ல வேண்டும்.

பால் ஊறியது, அதையும் சொல்லிவிடுகிறேன். மீனாலா, நேரத்துக்குச் சாப்பிட்டதாலா, அழுகையை நிறுத்தியதாலா, தெரியாது. அடுத்த எடையில் முள் நகர்ந்தது. வீடே சிரித்தது. நான் மீன் கடைக்காரம்மாவுக்கு நன்றி சொல்லப் போனேன்.

காளவாசல் தாண்டி பைபாஸ் ரோட்டோரத்தில் கடை போட்டிருக்கிறார் அந்தம்மா. வருஷக்கணக்காக என் லேபுக்கும் அவரிடம்தான் மீன். "கீழ்க்கடல் மீனு டீச்சர், இன்னைக்கு வெள்ளாப்புல வந்த லோடு," என்று செவுளைத் தூக்கிக் காட்டுவார். வீட்டுக்கு வாங்கினால் எப்போதும் குடலை எடுத்து, தலையை நறுக்கித்தான் கொடுப்பார். அந்த ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் மொய்த்தது. மாப்பிள்ளை மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறார் என்று எனக்கு அவசரம். "முழுசாவே குடுங்கம்மா, நான் வெட்டத் தெரியாதவளா?" என்று இரண்டு சுறாவைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் முதல் மீனின் வயிற்றைக் கீறினேன். சுறாவின் ஈரல் பெரியது, வயிற்றில் பாதியை அடைத்துக்கொண்டு கிடக்கும், வெளிர் நிறம், தொட்டால் எண்ணெய் பிசுக்கும். இது சுருங்கிக் கறுத்துக் கிடந்தது. விரலை வைத்தால் உள்ளே நொய்யரிசி போல நெருடியது. செவுள் வெளுத்து, கோழை பிடித்து, இதழ்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்தன. வயிறு பெருத்த கர்ப்பிணி மீன். கருப்பையைத் திறந்தேன். நாலு குட்டிகள். இரண்டு அளவாக இருந்தன. மற்ற இரண்டும் எப்போதோ உள்ளேயே செத்து ஊறிப் போயிருந்தன. அவற்றில் ஒன்றின் முதுகெலும்பு கோணி வளைந்திருந்தது.

அப்போது நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். "இது சரியில்ல," என்று முணுமுணுத்துக்கொண்டு அந்த மீனைத் தாளில் சுற்றிக் குப்பை வாளியில் போட்டேன். இரண்டாவதைக் கீறினேன். அதன் ஈரல் பார்க்க ஒழுங்காக இருந்தது. அதை அவித்துப் புட்டு வதக்கினேன்.

அது என் கையில் ஊறிப்போன பழக்கம். லேபில் மாணவிகளுக்கு மீனைத் திறந்து காட்டும்போது, உள்ளே இருப்பது புத்தகப் படத்தைப் போல இருக்க வேண்டும். ஈரலில் கட்டி இருந்தால், "இது வேணாம்மா, வேற எடு." செவுள் புண்ணாக இருந்தால், "இது நல்ல ஸ்பெசிமன் இல்ல, தள்ளி வை." ஆரம்ப காலத்தில் எப்போதாவது ஒன்று தள்ளுவேன். பிறகு ஒரு கூடைக்கு இரண்டு மூன்று என்று ஆனது. அதற்கும் சலிக்காமல் கூடுதலாக மீன் வாங்கினேனே தவிர, ஏன் இம்புட்டு மீன் நோயாளியாக வருகிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து யோசிக்கவில்லை, ஒரு வரி எழுதி வைக்கவில்லை. படத்தைப் போல இருந்ததுதான் மீன், மற்றது குப்பை.

மாப்பிள்ளை வந்தார். பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினார். தங்கை மடியில் தட்டை வைத்துக்கொண்டு புட்டை அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். அவருக்குத் தனியாகக் கோழி வைத்திருந்தேன்.

"இது என்ன மதினி?" என்றார் தட்டைப் பார்த்து.

"பால் சுறா மாப்ள. இவளுக்குத் தினமும் இதான். பிள்ளை எடை ஏறியிருக்கு, தூக்கும்போதே தெரியலையா?"

"எங்கத்து மீனு?"

"எல்லாம் உங்க பக்கத்து மீனுதான். நீங்க அங்க வாங்கித் தர மாட்டேங்கிறீங்க, அது லாரி ஏறி இங்க வந்துருச்சு," என்று கேலி பேசினேன்.

அவர் சிரிக்கவில்லை. பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, தங்கையின் மடியிலிருந்து தட்டை வெடுக்கென்று பிடுங்கினார். அவள் கை புட்டோடு அந்தரத்தில் நின்றது. "இத எத்தன நாளா திங்கிற?" என்றார்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. வாடை பிடிக்காத மனுசன் பிள்ளை பெற்றவளின் தட்டைப் பிடுங்குகிறானே என்று ஆத்திரம் வந்தது. "என்ன மாப்ள இது, திங்கிற சோத்தப் பறிக்கிறீங்க?" என்று கத்தினேன். அவர் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

"குவார்ட்டர்ஸ்ல யாரும் அந்தப் பக்கத்து மீன் வாங்க மாட்டாங்க மதினி. யாரும் வெளிய சொல்லிக்கிறதில்ல. நான் வேலைக்குச் சேந்த புதுசுல சீனியர் ஒருத்தர் சொன்னாரு, தம்பி, கோழி வாங்கிக்கன்னு. அம்புட்டுதான்."

"உங்களுக்கு வாடை ஆகாதுன்னீங்க?" என்றாள் தங்கை.

அவர் கையிலிருந்த தட்டைத் தரையில் வைத்துத் தள்ளிவிட்டார்.

"நீங்க கடலுக்கு விடுற தண்ணியில என்ன மாப்ள இருக்கு?" என்றேன்.

"பாதரசம் கொஞ்சம் இருக்கும். வேற உலோகமும். அப்புறம் சில கெமிக்கல். எல்லாம் லிமிட்டுக்குள்ளதான் மதினி."

"லிமிட்டுக்குள்ளன்னு யாரு எழுதுறது?"

"நான்தான் கையெழுத்துப் போடுவேன்."

"லிமிட்டுக்குள்ள இருந்தா நீங்க ஏன் திங்கல?"

அவர் வாயிலிருந்து அதைப் பிடுங்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. சாம்பிள் எடுக்கிற நேரத்தில் கடலுக்குப் போகிற குழாயில் நல்ல தண்ணீர் ஓடும். சாம்பிள் எடுத்து முடிந்த பிறகு ஓடுவதற்குச் சாம்பிள் கிடையாது. குழாய் வாயில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதால் சின்ன மீன்கள் அங்கே கூடும். அதைத் தின்னப் பெரிய மீன் வரும். அதைப் பிடிக்க வலை வரும். இது எல்லாம் அவருக்குத் தெரியும். அவரோடு வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். ஊருக்கு லிமிட்டு, தன் வீட்டுக்குக் கோழி. பிள்ளையையும் கிள்ளி விட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்கள். இவர்கள் ஊரார் பிள்ளையைக் கிள்ளிவிட்டு, தன் பிள்ளையின் தொட்டிலை மட்டும் ஆட்டினார்கள்.

நான் குப்பை வாளியிலிருந்து அந்த முதல் மீனை எடுத்துவந்து அவர் முன்னால் தாளை விரித்தேன்.

"பாருங்க. நல்லாக் குனிஞ்சு பாருங்க. நமக்கு ஆகாத வாடை வந்தா மூக்கப் பொத்திக்கிறோம், ஜன்னலச் சாத்துறோம். மீனு எதப் பொத்தும்? அது மூச்சு விடுறதே அந்தத் தண்ணியிலதான். இந்தச் செவுளப் பாருங்க, வெந்து போயிருக்கு. இதால மூச்சு விட்டு, இந்த ஈரல வச்சுக்கிட்டு, நாலு பிள்ளையச் சுமந்திருக்கு. சேறு தின்ன புழுவுல கொஞ்சம், புழுவத் தின்ன மீனுல நெறைய, அம்புட்டையும் தின்ன சுறாவுல மொத்தமும். அது தனக்குன்னு வச்சுக்கிட்டது போக மிச்சத்தக் கொடி வழியாப் பிள்ளைக்குக் குடுத்திருக்கு. நாசமாப் போறவனுங்களா, வயித்துக்குள்ள இருக்கிற பிள்ளையக்கூட விடலையேடா நீங்க!"

மாப்பிள்ளையை அதுவரை நான் ஒருமையில் பேசியதில்லை. அன்று மரியாதை எல்லாம் பறந்துவிட்டது.

அவருக்கும் ரோஷம் வந்தது. "எல்லாம் எங்க தப்புங்கிறீங்க. நீங்க இம்புட்டு வருசமா மீன வெட்டுறீங்களே மதினி, ஒரு ஈரல்கூடவா இப்படிப் பாத்ததில்ல?"

செருப்பால் அடித்தது போல இருந்தது. பார்த்திருக்கிறேன். எத்தனையோ பார்த்திருக்கிறேன். அவர் குழாயில் நல்ல தண்ணீரை விட்டுச் சாம்பிள் எடுத்தார், நான் நல்ல மீனாகப் பொறுக்கி எடுத்துப் பாடம் நடத்தினேன். அவருக்காவது வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. எனக்கு அந்தச் சாக்கும் கிடையாது. ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்களா, தெரியாது. கேட்டிருந்தால் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை என்பது மட்டும் தெரியும்.

சோதனை என்று ஒன்று நடக்காமலும் இல்லை. மீன் கடைகளுக்கு அதிகாரிகள் வருவார்கள். ஃபார்மலின் தடவியிருக்கிறதா என்று ஒரு தாளை மீன்மேல் ஒட்டிப் பார்ப்பார்கள். நிறம் மாறாவிட்டால் நல்ல மீன். செத்த பிறகு மீனுக்கு என்ன செய்தார்கள் என்று பார்க்க ஆள் இருக்கிறது. உயிரோடு இருந்தபோது என்ன செய்தார்கள் என்று கேட்க ஒரு நாதி இல்லை.

நாங்கள் கத்திக்கொண்டிருந்ததில் தங்கையை மறந்துவிட்டோம். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து, என்னிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். பிள்ளை பசியில் சிணுங்கியது. அவள் முந்தானையை எடுக்கவில்லை. "இப்ப இவளுக்கு நான் பால் குடுக்கலாமா, குடுக்கக் கூடாதா?" என்றாள். "ரெண்டு பேரும் படிச்சவங்கதான? ஒருத்தராவது சொல்லுங்க."

எங்களுக்குத் தெரியவில்லை. பிள்ளை வீறிட்டு அழ ஆரம்பித்தது. நான் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவையும் எடுக்கவில்லை. தங்கை அழும் பிள்ளையை மார்பில் சேர்க்காமல் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நடந்தாள், அவள் ஜாக்கெட் பாலில் நனைந்திருந்தது. எந்தப் பாலுக்காக அத்தனை நாள் அழுதோமோ அது வீணாக ஒழுகிக்கொண்டிருந்தது. மாதாவே, அந்த நிமிஷத்தை என் எதிரிக்கும் கொடுக்காதே.

மூன்றாம் தடவை எடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சுறாவை இன்னைக்கே நிறுத்துங்க. தாய்ப்பாலை நிறுத்தாதீங்க, அதுக்கு ஈடு எதுவுமில்ல. பிள்ளையை நாளைக்கு ஒரு தடவை கொண்டு வாங்க," என்றார். "பாலில் ஏதாவது வந்திருக்குமா டாக்டர்?" என்றேன். "எவ்வளவுன்னு தெரியாம நான் என்ன சொல்றது?" என்றார். தங்கை அதற்குள் உள்ளே போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்துவிட்டாள்.

மாப்பிள்ளை நாலு மணிக்குக் கிளம்பினார், மாட்டுத்தாவணியில் பஸ். "வாரேன் மதினி," என்றார் தலையைத் தூக்காமல்.

"போயி என்ன எழுதுவீங்க மாப்ள?"

"எழுதுனா அன்னைக்கே வெளிய அனுப்பிருவாங்க மதினி. பிள்ளை இருக்கு."

உள்ளேயிருந்து தங்கை குரல் கொடுத்தாள். "விடுக்கா. அவரு எங்கள நல்லாத்தான் பாத்துக்கிட்டாரு. எங்கள மட்டும்."

மறுநாள் காலை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன்னால், காளவாசலுக்கு வண்டியை விட்டேன். கடைக்காரம்மாவின் பலகையில் மூன்று பால் சுறா கிடந்தது. "வாங்க டீச்சர், தங்கச்சிக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்," என்றார். சொல்லத் தொடங்கினேன். குழாய், தண்ணீர், ஈரல், குட்டிகள், எல்லாம்.

"டீச்சர், என் பொழப்புல மண்ண அள்ளிப் போடாதீங்க," என்று முகம் சிவந்தார். "காலங்காலமாத் திங்கிற மீனு. ஆபீசருங்களே பாத்து நல்ல மீனுன்னு சொல்லிட்டுப் போறாங்க." கத்தியை எடுத்து ஒரு சுறாவின் தலையில் வைத்தார். வெட்டவில்லை.

"என் மக பெத்து முப்பது நாளாச்சு டீச்சர்," என்றார். "தினமும் என் கையால இதத்தான் ஆக்கிப் போட்டேன். விக்கிறதுல நல்லதாப் பொறுக்கி எடுத்துட்டுப் போயி."

டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். சுறாவை நிறுத்தச் சொல்லுங்கள், பாலை நிறுத்தச் சொல்லாதீர்கள். தலையை ஆட்டினார், ஆனால் அது அவருக்குப் போதவில்லை. "எம்புட்டு தின்னா கெடுதி? அதச் சொல்லுங்க. நான் எம்புட்டு குடுத்தேன்னு எனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்கக் கூடிய ஒரே ஆள் எனக்குச் சொந்தம். அங்கேயே நின்று போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துப் பலகைமேல் நீட்டினேன்.

"மாப்ள, காளவாசல்ல மீன் கடையில நிக்கிறேன். இந்தம்மா மகளும் பிள்ளை பெத்தவ, ஒரு மாசமா இதே சுறாதான் தின்னிருக்கா. அந்தத் தண்ணியில நிஜமா எம்புட்டு இருக்குன்னு இவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க."

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கதவு சாத்தப்பட்டது. பிறகு அவர் குரல், அடங்கி, மெதுவாக:

"மதினி, ஸ்பீக்கர்லயா போட்டிருக்கீங்க? மொதல்ல அத ஆஃப் பண்ணுங்க."

கடைக்காரம்மா போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மூன்று சுறாவையும் ஒவ்வொன்றாக வாலைப் பிடித்துத் தூக்கிக் கழிவுக் கூடையில் போட்டார்.

"வச்சிருங்க டீச்சர்," என்றார். "அதான் சொல்லிட்டாருல்ல."